ஆற்றில் கொட்டும் கருணை

சில மாதங்களுக்கு முன் ராஜபாளையத்தில் நடந்த இலக்கியக் கூட்டம் ஒன்றில் சூழலியலும் இலக்கியமும் என்ற பொருளில் ஒருவர் பேசினார். நல்ல பேச்சாளர். சங்கப் பாடல்கள் அவர் நாவில் தடையின்றி வந்தன. பெயரைத் தவிர்க்கிறேன், என் வழக்கு அவரோடு அன்று, அவருக்குக் கைதட்டிய நம்மோடு. பேச்சின் நடுவே அவர் "மரபணு என்னும் சொல்லே இயற்கையின்மீது செலுத்தப்படும் வன்முறை" என்றார். அரங்கு அதிர்ந்தது. கால் மணி நேரம் கழித்துத் திரையில் ஒரு படம் காட்டினார். பிளாஸ்டிக் வாளிகளிலிருந்து மீன்குஞ்சுகளை ஆற்றில் கவிழ்க்கும் கைகள், சுற்றிலும் மாலையணிந்த பிரமுகர்கள். "இதுவே கருணை" என்றார். மறுபடியும் கைதட்டல்.

இந்த இரண்டு கைதட்டல்களும் ஒன்றையொன்று மறுப்பவை என்பது அரங்கில் எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் உடனே தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீடு திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது. அந்த வாளியிலிருந்த குஞ்சுகளின் தாய்மீன் எந்த ஆற்றைச் சேர்ந்தது? இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய அறிவைத்தான் அவர் சற்று முன்பு வன்முறை என்று தள்ளிவைத்திருந்தார்.

தமிழ் படித்தவர்கள் மரபணு என்றவுடன் முகம் சுளிப்பது எனக்குப் புரியாத ஒன்றன்று. 2009, 2010இல் பி.டி. கத்தரிக்காய்க்கு எதிராக நடந்த கையெழுத்து இயக்கத்தில் நானும் கையெழுத்திட்டேன். 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தபோது மகிழ்ந்தேன். அந்த நிலைப்பாட்டில் இன்றும் எனக்கு மாற்றமில்லை. ஆனால் விதையில் அயல் மரபணு ஒன்றைச் செருகிக் காப்புரிமை கோருவது ஒரு செயல். ஓர் உயிரின் மரபணுவை வாசித்து, அது எங்கிருந்து வந்தது, யாருக்கு உறவு, எத்தனை தலைமுறையாகத் தனித்து நிற்கிறது என்று அறிவது வேறொரு செயல். ஏட்டைத் திருத்துவதும் ஏட்டைப் படிப்பதும் ஒன்றாகுமா? உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் தேடியது திருத்தி எழுதுவதற்காக அன்று. ஒரு பாட்டுக்குப் பத்துப் பிரதிகளை ஒப்புநோக்கி, பாடபேதங்களைக் குறித்துவைத்து, எந்தப் பிரதி எந்தப் பிரதியின் வழிவந்தது என்று தேர்ந்து, 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். பாதுகாப்பு மரபியல் செய்வதும் ஏறத்தாழ இந்த வேலைதான். ஒவ்வோர் ஓடையின் மீன்கூட்டமும் ஒரு பிரதி. அவற்றுக்கிடையே பாடபேதங்கள் உண்டு.

மரபியல் என்ற சொல்லும் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு அதுவே பெயர். எந்த உயிரின் இளமையைக் குட்டி என்பது, எதனைக் கன்று என்பது, எதனைப் பறழ் என்பது, எதன் ஆண் களிறு, எதன் பெண் பிடி என்று வகுப்பது அந்த இயல். மூன்று வரி அணிலின் இளமைப் பெயர்கூட அங்கே பேசப்படுகிறது. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்குவதும் அங்கேதான். பிற்காலத்தில் ஜெனடிக்ஸ் துறைக்குத் தமிழில் பெயர் தேடியவர்கள் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மரபியல்களும் தொடங்குமிடம் ஒரே கேள்வி: இது எதன் குட்டி?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் காவிரியில் நேர்ந்ததை இலக்கியவாதிகள் அறிந்திருக்க வேண்டும்.

மாசீர் என்பது கெண்டைக் குடும்பத்தின் பேருருவம். மலையாறுகளின் பாறை மடுக்களில் வாழ்வது. இனப்பெருக்கத்துக்காக வெள்ளத்தை எதிர்த்து மேலேறுவது. சென்னை மாகாண அதிகாரியாயிருந்த எச்.எஸ். தாமஸ் 1873இல் எழுதிய 'தி ராட் இன் இந்தியா' என்ற தூண்டில் நூலில், தம் நாட்டு சால்மனுக்கும் மேலாக இதனைப் போற்றினார். காவிரிப் படுகையில் வாழ்ந்த திமில் மாசீர் இவ்வினங்களில் மிகப் பெரியது. 1946இல் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. ஓர் ஆள் எடை. உலகெங்குமிருந்து தூண்டில்காரர்கள் இந்த மீனுக்காகவே காவிரிக்கு வந்தார்கள். புகைப்படங்கள் எடுத்துக்கொண்டார்கள், நூல்கள் எழுதினார்கள். ஆனால் ஏறத்தாழ 150 ஆண்டுக்காலம் இவ்வளவு புகழ்பெற்ற மீனுக்கு முறையான அறிவியல் பெயர் இல்லை. எல்லாரும் அதை அறிந்திருந்ததாக எண்ணியதால் எவரும் அதை அறியவில்லை.

இதற்கிடையே, 1970களில், மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் டாடா மின்நிறுவனம் மாசீர் பொரிப்பகம் ஒன்றைத் தொடங்கியது. நோக்கத்தில் குற்றம் காண முடியாது. அணைகள் ஆறுகளை மறித்துவிட்டன, வெடிவைத்து மீன் பிடிக்கிறார்கள், மாசீர் அருகி வருகிறது. செயற்கை முறையில் குஞ்சு பொரித்து ஆறுகளில் விட்டால் இனம் தழைக்கும் என்று நம்பினார்கள். தொழில்நுட்பமும் வென்றது. இலட்சக்கணக்கில் குஞ்சுகள் பிறந்தன. பல மாநிலங்களுக்கு அனுப்பினார்கள், காவிரிக்கும் வந்தன. அங்கே பொரிக்கப்பட்டது நீலத்துடுப்பு மாசீர், அறிவியல் பெயர் டோர் குட்ரீ. 1839இல் சைக்ஸ் இதை விவரித்தது கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த தக்காண ஆறுகளிலிருந்து. காவிரியின் திமில் மாசீர் வேறு இனம். வாளியைக் கவிழ்த்தவர்களுக்கு இரண்டும் மாசீர்தான்.

கர்நாடகக் காவிரிக்கரைத் தூண்டில் முகாம் ஒன்றின் 1998 முதல் 2012 வரையிலான பதிவேடுகளை அட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலியோர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். பிடித்து மீண்டும் விடுகிற தூண்டில்காரர்கள் நாள்தோறும் எழுதிவைத்த கணக்கு அது. நீலத்துடுப்பு மீன்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகியிருந்தன. திமில் மாசீர் அருகி அருகி, கடைசி ஆண்டுகளில் தென்படுவதே அரிதாகிவிட்டது. மொத்தத்தில் மாசீர் பெருகியிருந்ததால், பெயர் பிரித்துப் பார்க்காத கண்ணுக்கு அது வெற்றிக்கதை! 2018இல்தான் அதே ஆய்வாளர்கள் பழைய புகைப்படங்கள், உடலமைப்பு, டி.என்.ஏ. மூன்றையும் ஒப்புநோக்கி, திமில் மாசீர் என்பது 2007இல் சின்னாறு சரணாலயத்தின் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவியே என்ற இனம்தான் என்று நிறுவினர். தமிழ்நாட்டு மோயாற்றின் மீன்கள் அந்த ஆய்வுக்கு உதவின. இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த மீனியல் அறிஞர் கே. ரெமாதேவியின் பெயரைத் தாங்கிய இனம் அது. பெயர் கிடைத்த அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'மிகவும் அழிநிலையில் உள்ளது' என்ற வகையில் சேர்ந்தது. பெயர்சூட்டு விழாவும் ஈமச்சடங்கு அறிவிப்பும் ஒரே நாளில் நடந்தது போல. எங்கும் விடப்பட்டதால் பரவிப்போன நீலத்துடுப்பு மாசீரோ 'கவலை குறைந்தது' என்ற வகைக்கு மாற்றப்பட்டது.

திமில் மாசீரின் வீழ்ச்சிக்கு வந்தேறி மீன் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. அணை உண்டு, மணற்கொள்ளை உண்டு, வெடி உண்டு. ஆனால் அதைக் காப்பதாகச் சொல்லிச் செய்த வேலையே அதற்கு எதிராக நின்றது என்பதுதான் கசப்பு. தீயவர்களின் செயல் என்றால் எதிர்த்துக் கவிதை எழுதலாம். இதற்கு என்ன எழுதுவது?

இது நம்மூர்க் கோளாறு மட்டுமன்று. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1870களிலேயே சால்மன் பொரிப்பகங்கள் வந்துவிட்டன. ஆற்றை அணைகளால் துண்டாடிவிட்டு, ஈடாகக் குஞ்சுகளை விடுவது அங்கே ஒரு நூற்றாண்டுக் கொள்கை. 2007இல் அராகி, பிளௌயின் குழுவினர் ஓரிகன் மாநில ஹூட் ஆற்றில், சால்மனின் நெருங்கிய உறவான ஸ்டீல்ஹெட் மீன்களின் டி.என்.ஏ.வைக் கொண்டு பெற்றோர் யார், பிள்ளை யார் என்று தலைமுறைகளைத் தொடர்ந்தார்கள். பொரிப்பகத்தில் கழிக்கும் ஒவ்வொரு தலைமுறைக்கும் மீனின் இனப்பெருக்க வெற்றி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது என்று கண்டார்கள். காரணம் புரிந்துகொள்ள முடியாததன்று. தொட்டியில் தீவனம் நேரத்துக்கு வருகிறது. நாரை வருவதில்லை, வெள்ளமும் வருவதில்லை. அங்கே பிழைப்பது தொட்டிக்கு ஏற்ற மீன். போதாததற்கு, சில தாய்மீன்களிலிருந்தே ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் எடுப்பதால் எல்லாம் உடன்பிறப்புகள். இவை ஆற்றில் கலந்து காட்டு மீனோடு இணையும்போது, பல்லாயிரம் ஆண்டுகளாக அந்த ஓடையின் குளிருக்கும் வேகத்துக்கும் இசைந்திருந்த மரபு கரைகிறது. ஒரே பிரதியை இலட்சம் படிகள் அச்சடித்துக் கொட்டி மற்ற ஏடுகளை மூழ்கடிப்பது போன்றதே இது.

அதே மரபணு அறிவை அங்கே நல்வழியிலும் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் ஃபிரேசர் ஆற்றுக்குத் திரும்பும் சால்மன்கள் கடலிலும் ஆற்றுமுகத்திலும் கலந்தே பிடிபடும். துடுப்பின் சிறு துணுக்கிலிருந்து அது எந்தக் கிளையோடையில் பிறந்த கூட்டம் என்று சில நாட்களுக்குள் சொல்லிவிடுகிறார்கள். நலிந்த ஓடையின் மீன்கள் அதிகம் தென்பட்டால் அந்தப் பருவ மீன்பிடிப்பை நிறுத்திவைக்க முடிகிறது. வலைக்காரரின் வருமானமும் ஓடையின் உயிரும் அந்தத் துணுக்கின்மேல் நிற்கின்றன. இதில் வன்முறை எங்கே இருக்கிறது என்று நம் பேச்சாளர்தான் விளக்க வேண்டும்.

நம்மூருக்கு வருவோம். பொரிப்பகம் என்றால் என்னவென்று ராஜபாளையத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்ப்பெயரைச் சுமக்கும் நாயே போதும். தூய வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தோம். சிறிய குழுவுக்குள்ளேயே இணைசேர்த்தோம். ஈற்றில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை வளர்ப்பவர்கள் நன்கறிவார்கள். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் இந்த நாயைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. மகிழ்ச்சியே. ஆனால் நாய் நம் வீட்டு வாசலில் வாழ்வது. செவிடானாலும் சோறு கிடைக்கும். ஆற்று மீனுக்கு யார் சோறு வைப்பது?

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தின் கீழ் ஆறுகளில் குஞ்சுகள் விடுவது நாடெங்கும் நடக்கிறது. இங்கே இன்னொரு சொற்சிக்கல். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை வடநாட்டு ஆறுகளின் மீன்கள். வளர்ப்புக்காகத் தெற்கே கொண்டுவரப்பட்டவை. நம் பேச்சில் அவை 'நாட்டு மீன்' ஆகிவிட்டன. எந்த நாட்டு மீன்? மீனுக்கு நாடு என்பது ஆற்றுப்படுகை. டெல்லியிலிருந்து கன்னியாகுமரி வரை நாம் கோடிழுத்த வரைபடம் அன்று. கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் கட்லா வளர்ப்பதில் எனக்கு எந்த வழக்குமில்லை. அது விவசாயம், ஆடு கோழி போல. நான் உண்பதும் அந்த மீன்தான். மலையடிவாரத்து ஓடையில் அதே வாளியைக் கவிழ்த்துவிட்டு 'இயற்கைப் பாதுகாப்பு' என்று படமெடுத்துக்கொள்வதைத்தான் கேட்கிறேன். ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நம் நீர்நிலைகளுக்குள் எப்படி வந்தன என்பதை மறந்துவிட்டோமா? அவற்றையும் யாரோ நல்லெண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள்.

கூட்டத்துக்குப் பிறகு நண்பர் ஒருவர் வேறொரு மறுப்பை எழுப்பினார். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. "தூய மரபு, கலப்பு, வந்தேறி என்கிறீர்களே, இந்தச் சொற்களை நாம் வேறெங்கே கேட்டிருக்கிறோம்?" என்றார். சாதியின் நாட்டில் இந்தக் கேள்வி எழத்தான் வேண்டும். தொல்காப்பிய மரபியலிலேயே, அணிலும் யானையும் பேசப்படும் அதே இயலில், பலர் இடைச்செருகல் என்று கருதும் வருணப் பகுதியும் இருக்கிறது என்பதைத் தமிழாசிரியன் மறைக்க முடியாது.

என் விடை இது. பாதுகாப்பு மரபியல் தூய்மையைப் போற்றவில்லை, வேறுபாட்டைப் போற்றுகிறது. அது அஞ்சும் முதல் நோய், நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைவது. 1916இல் அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி எது என்று ஆராய்ந்தபோது சுட்டியதும் அகமணத்தைத்தான். ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் கரும்புலிகள் என்று வியக்கப்பட்டவை, வரிகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டிப்போன புலிகள். உமா ராமகிருஷ்ணன் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஒரே ஒரு மரபணு மாற்றம் காரணம் என்றும், தனித்துப்போன சிறு கூட்டத்தில் அது பெருகிவிட்டது என்றும் காட்டியது. நாம் அழகு என்று பார்த்தது தனிமையின் அடையாளம். 2024இல் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து இரண்டு பெண் புலிகளை அங்கே கொண்டுவிட்டார்கள், புது இரத்தம் வரட்டும் என்று. ஆக, மரபியல் ஓரிடத்தில் கலக்காதே என்கிறது, ஓரிடத்தில் கலந்துவிடு என்கிறது. முரண்பாடு போலத் தோன்றும். எது நெடுங்காலம் தனித்து வேறாகிவிட்ட இனம், எது நேற்று நாம் சாலைபோட்டுப் பிரித்துவைத்த கூட்டம் என்பதைப் பொறுத்தது அது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் வாசிக்க வேண்டும் என்கிறேன். மனிதர்களிடையே இந்தக் கணக்கைப் போட முயல்பவன் மூடன் அல்லது அயோக்கியன். மனிதர் எல்லாரும் ஒரே இனம் என்று சொல்வதும் இதே மரபியல்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு இது ஏன் அவசரம் என்றும் சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இது; 2021இல் மேகமலையோடு இணைந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று, பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இந்த அணில், இங்கே செண்பகத்தோப்பு, அங்கே சின்னாறு, வடக்கே காவிரிக்கரை என்று துண்டு துண்டான ஆற்றோரக் காடுகளில் ஒதுங்கியிருக்கிறது. தரையில் இறங்கி நடக்க விரும்பாத உயிர். மரக்கிளைகள் கோத்திருந்தால்தான் அதற்கு வழி. அடிவாரத் தோப்புகளில் நான்கு மரங்களை வெட்டினால் அதன் உலகம் இரண்டாகும். எந்த இடைவெளி ஏற்கெனவே உறவை அறுத்துவிட்டது, எந்தத் தோப்பு இன்னும் பாலமாக இருக்கிறது என்பதைக் கூட்டில் உதிர்ந்த முடியும் புழுக்கையும் சொல்லும். பிடிக்க வேண்டாம், ஊசி போட வேண்டாம். தென்னந்தோப்புக்காரருக்கு அணிலால் இழப்பு உண்டு. எல்லாத் தோப்புகளையும் பாதுகாக்கிறேன் என்று சொல்வதைவிட, இந்த மூன்று தோப்புகள் தேவை, இவற்றுக்கு இழப்பீடு தருகிறோம் என்று அவரிடம் சொல்வது நேர்மையல்லவா?

வரையாட்டின் கதை இன்னும் நெருக்கமானது. சங்கப்பாடல்கள் வருடை என்று சொல்வது இதனையே என்று கருதுவர். இமயத்தின் தார் ஆட்டுக்கு இது உடன்பிறப்பு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2005இல் ரோபிக்கே, ஹசானின் ஆகியோரின் மரபணு ஆய்வு, நம் வரையாடு செம்மறிக்கு நெருங்கிய உறவு என்றும் இமயத்து விலங்கு வெள்ளாட்டுப் பக்கம் என்றும் காட்டிவிட்டது. உலகில் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினம் ஒன்றை நாம் வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. 2022இல் தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டம் அறிவித்தது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031, 2025இல் 1,303. திட்டத்தின் பணிகளில் ஒன்று, முன்பு வாழ்ந்து மறைந்த குன்றுகளில் வரையாட்டை மீண்டும் குடியேற்றுவது. எந்தக் குன்றிலிருந்து எடுத்து எந்தக் குன்றில் விடுவது? பாலக்காட்டுக் கணவாயின் இருபுறத்து யானைகளும் மரபில் வேறுபட்டவை என்று வித்யா, சுகுமார் முதலியோர் 2005இலேயே காட்டினார்கள். ராஜபாளையத்திலிருந்து கொல்லம் ரயிலில் செல்பவர்கள் கடக்கும் செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள சோலைப் பறவை ஒன்று வடக்கே உள்ளதிலிருந்து வேறான இனம் என்று 2017இல் பெயர் பெற்றது. நாம் சன்னலோரம் அமர்ந்து தேநீர் குடித்து முடிப்பதற்குள் கடந்துவிடும் பள்ளம் அது. பறக்கும் உயிருக்கே அது கடலாக இருந்திருக்கிறது. காவிரியில் மாசீருக்குச் செய்ததை மலையில் வரையாட்டுக்குச் செய்துவிடக் கூடாது என்றால், லாரி புறப்படுமுன் ஏட்டைப் பார்க்க வேண்டும்.

மரபியல் ஆற்றுக்குத் தண்ணீர் கொண்டுவராது, அதை அறிவேன். ஆய்வகத்தார் சிலரின் தன்முனைப்பும் எனக்குத் தெரியும். மலையில் வாழும் பளியரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களில் உண்டு. அதற்கு நாம் செய்ய வேண்டியது அவர்களோடு சண்டையிட்டுக் கேட்க வைப்பது. அந்த அறிவையே வேண்டாமென்று சொல்வது அன்று.

அந்தப் பேச்சாளர் அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறார். அழைப்பிதழ் வந்திருக்கிறது. காலையில் கருத்தரங்கம், மாலையில் அடிவார ஓடையில் மீன்குஞ்சுகள் விடும் நிகழ்ச்சி, அனைவரும் வருக என்று போட்டிருக்கிறது. நான் இரண்டுக்கும் போவதாக இருக்கிறேன். வாளியைத் தூக்குவதற்கு முன், அந்தக் குஞ்சுகளின் தாய் எந்த ஆற்று மீன் என்று கேட்பேன். அரங்கத்தில் கைதட்டிய நண்பர்களும் உடன் வந்து கேட்டால் நல்லது.